ஒற்றைக் கம்பியில் தொடங்கியவர்



பள்ளி ஆண்டு விழாவில் சில சமயம் மைக் 'கீ...' என்று அலறும். நாம் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வோம். மைக் செட்காரர் ஓடிவந்து எதையோ திருகி அதை நிறுத்துவார். அந்த அலறலையே இசையாக்கிக் காட்டிய ஒருவர் இருந்தார். 1967 என்ற ஒரே ஆண்டில் அவர் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களும் ராக் இசையின் மிகச் சிறந்த ஆல்பங்களோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. அவர்தான் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரில் 1942ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி ஜிமி பிறந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் இருந்த தந்தை, போர் முடிந்து வந்த பிறகுதான் மகனின் முகத்தைப் பார்த்தார். கறுப்பின மக்களுக்கு நல்ல வேலை கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. தந்தை தோட்ட வேலை செய்தும், கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்தும் பிழைத்தார். வீட்டில் வறுமை. பெற்றோருக்குள் ஓயாத சண்டை. 1951ஆம் ஆண்டு அவர்கள் பிரிந்தார்கள். தம்பி தங்கையர் வேறு குடும்பங்களின் பராமரிப்பில் வளர நேர்ந்தது. ஜிமிக்குப் பதினைந்து வயதாகும்போது தாயும் இறந்துபோனார்.

இத்தனை துயரத்திலும் அந்தச் சிறுவனுக்கு ஒரு துணை இருந்தது. அது ஒரு துடைப்பம்!

ஆம், துடைப்பத்தைக் கிடார் போலப் பிடித்துக்கொண்டு, இல்லாத கம்பிகளை மீட்டிக்கொண்டே இருப்பான். பள்ளிக்கும் அதை எடுத்துப் போவான். பள்ளியில் இருந்த சமூகப் பணியாளர் ஒருவர் இதைக் கவனித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து இவனுக்கு ஒரு கிடார் வாங்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் இவன் மனம் பாதிக்கப்படும் என்று கடிதம் எழுதினார். ஆனால் கிடார் கிடைக்கவில்லை.

1957ஆம் ஆண்டு, ஒரு மூதாட்டியின் வீட்டிலிருந்து வேண்டாத பொருள்களை அகற்றும் வேலை தந்தைக்குக் கிடைத்தது. உதவிக்கு ஜிமியும் போனான். அந்தக் குப்பையில் ஒரு யுகுலேலி கிடந்தது. யுகுலேலி என்பது கிடார் போன்ற சிறிய இசைக் கருவி. அதற்கு நான்கு கம்பிகள் உண்டு. அங்கே கிடந்ததில் ஒரே ஒரு கம்பிதான் மிச்சம்! அதை வைத்துக்கொள்ள அந்த மூதாட்டி அனுமதித்தார்.

ஒரு கம்பியில் என்ன வாசிக்க முடியும் என்று அவன் யோசிக்கவில்லை. வானொலியில் வரும் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பான். ஒவ்வொரு சுரமாக அந்த ஒற்றைக் கம்பியில் தேடிக் கண்டுபிடிப்பான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இசையை எழுதவோ, எழுதியதைப் படிக்கவோ அவர் கடைசி வரை கற்றதும் இல்லை. காதுதான் அவருக்குக் குரு.

அடுத்த ஆண்டு 5 டாலருக்கு ஒரு பழைய கிடார் கிடைத்தது. அதிலும் ஒரு சிக்கல். ஜிமி இடது கைப் பழக்கம் உள்ளவன். கடைகளில் கிடைத்தவையோ வலது கைக்காரர்களுக்கான கிடார்கள். என்ன செய்தான் தெரியுமா? கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். கம்பிகளைக் கழற்றி, தன் கைக்கு ஏற்ற வரிசையில் மாற்றிக் கட்டினான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகும் பெரும்பாலும் இப்படித்தான் வாசித்தார். இடது கையால் எழுதும் பிள்ளைகள் இதைப் படித்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்!

1959ஆம் ஆண்டு தந்தை ஒரு மின்சாரக் கிடார் வாங்கித் தந்தார். மின்சாரக் கிடாரில் கம்பிகளுக்குக் கீழே காந்தமும், அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. உடனே சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிய ஓசையாக மாற்றித் தருகிறது. அறிவியல் பாடத்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது.

வாழ்க்கை உடனே நேராகிவிடவில்லை. முதல் மேடையிலேயே அளவுக்கு மீறி வேடிக்கை காட்டியதால், பாதி நிகழ்ச்சியில் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். படிப்பும் பாதியில் நின்றது. திருட்டுக் கார்களில் சென்றதற்காகக் காவலர்களிடம் இரண்டு முறை பிடிபட்டான். சிறையா, ராணுவமா என்ற கேள்வி வந்தபோது ராணுவத்தைத் தேர்ந்தெடுத்தான். 1961ஆம் ஆண்டு பாராசூட் படைப்பிரிவில் சேர்ந்தான். அங்கிருந்து தந்தைக்குக் கடிதம் எழுதி, கிடாரை அனுப்பச் சொன்னான். பயிற்சியை விட இசையில்தான் கவனம் இருந்தது. மறு ஆண்டே ராணுவம் அவரை விடுவித்தது.

அதன் பின் சில ஆண்டுகள் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்ற புகழ் பெற்ற கலைஞர்களுக்குப் பின்னால் நின்று கிடார் வாசித்தார். கையில் காசு தங்காத நாள்கள் அவை. 1966ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவர் வாசித்ததைச் சாஸ் சாண்ட்லர் என்ற இங்கிலாந்து இசைக் கலைஞர் கேட்டு வியந்தார். தம்முடன் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே நோயல் ரெட்டிங், டிரம்ஸ் வாசிக்கும் மிட்ச் மிட்செல் ஆகிய இருவரும் சேர, மூன்று பேர் கொண்ட 'ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' குழு பிறந்தது.

இப்போது 1967க்கு வந்துவிட்டோம். அக்காலத்தில் பாட்டுக் கேட்கக் கைப்பேசி கிடையாது. கறுப்பு நிற இசைத்தட்டுதான். ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம் பாட்டு இருக்கும். இரண்டு பக்கங்களும் சேர்ந்து ஓர் ஆல்பம். 1967 ராக் ஆல்பங்களின் பொற்காலம். டோர்ஸ், பிங்க் ஃபிளாய்டு ஆகிய குழுக்களின் முதல் ஆல்பங்கள் அந்த ஆண்டில்தான் வந்தன. பீட்டில்ஸ் குழு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் உழைத்து 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது.

மே மாதம் ஜிமியின் முதல் ஆல்பமான 'ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு' இங்கிலாந்தில் வெளியானது. கேட்டவர்கள் திகைத்தார்கள். மைக் அலறுவது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடியும் மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வருவதால்தான். கிடாரை ஒலிபெருக்கிக்கு அருகே பிடித்தாலும் அப்படித்தான் ஆகும். அந்தச் சத்தமே கம்பியை மீண்டும் அதிரவைக்கும். மற்றவர்கள் குறை என்று ஒதுக்கியதை ஜிமி அடக்கி ஆண்டார். எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டு, அலறலைப் பாட்டாக்கினார். காலால் மிதித்து இயக்கும் 'வா-வா' என்ற கருவியையும் அதே ஆண்டில் கையாளத் தொடங்கினார். அது கிடாரின் ஒலியை வாய் திறந்து மூடுவது போல மாற்றும்.

அந்த ஆல்பம் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. முதல் இடத்தில் இருந்தது பீட்டில்ஸின் ஆல்பம். ஜிமி பொறாமைப்பட்டாரா? இல்லை. அந்த ஆல்பம் வந்த சில நாள்களிலேயே, ஜூன் 4ஆம் தேதி, லண்டன் அரங்கு ஒன்றில் அதன் முதல் பாட்டையே தம் பாணியில் வாசித்து நிகழ்ச்சியைத் தொடங்கினார். பார்வையாளர்களில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் இருந்தார்கள்! தமக்குக் கிடைத்த பெரிய பெருமைகளுள் ஒன்றாக அதை மெக்கார்ட்னி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அதே மாதம் 18ஆம் தேதி, அமெரிக்காவின் மான்டரே நகரில் இசை விழா. பகலில் நம் நாட்டு சிதார் மேதை ரவிசங்கர் வாசித்தார். இரவில் ஜிமி வாசித்தார். கூட்டம் மெய்மறந்தது. கடைசியில் அவர் தம் கிடாரை மேடையில் கிடத்தித் தீ வைத்தார்! ஒரே இரவில் அமெரிக்கா முழுவதும் அவர் பேச்சுதான். ஆனால் ரவிசங்கர் மனம் நொந்தார். சரஸ்வதி பூஜையன்று இசைக் கருவிக்குப் பொட்டிட்டு வணங்கும் நாடல்லவா நம்முடையது? துடைப்பத்தை மீட்டி ஏங்கிய சிறுவன், கிடைத்த கிடாரை எரித்தது நமக்கும் வருத்தம் தருகிறது. அதற்கான விலையை ஜிமியும் கொடுத்தார். எங்கே போனாலும் மக்கள் அதே வேடிக்கையை எதிர்பார்த்தார்கள். என் இசையைக் கேளுங்களேன் என்று அவர் மனம் சலித்தது.

டிசம்பர் 1ஆம் தேதி இரண்டாவது ஆல்பம், 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' வெளியானது. அது வெளிவந்த கதையைக் கேளுங்கள். முதல் பக்கத்துக்கான ஒலிநாடாவை ஜிமி ஒரு டாக்சியில் தவறவிட்டுவிட்டார்! கெடு நெருங்கிவிட்டது. ஒரே இரவில் உட்கார்ந்து பெரும்பகுதியைப் புதிதாக ஒலிக்கலவை செய்தார்கள். ஒரு பாட்டு மட்டும் சரியாக அமையவில்லை. நண்பர் ரெட்டிங்கிடம் அதன் பிரதி ஒன்று இருந்தது. அதுவோ கசங்கிப் போயிருந்தது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சீராக்கிப் பயன்படுத்தினார்கள்!

அந்த ஆல்பத்தின் அட்டையில் ஜிமி குழுவினரின் முகங்கள், திருமாலின் விசுவரூபப் படத்துக்குள் வரையப்பட்டிருந்தன. ஜிமிக்கு இது முழு நிறைவு தரவில்லை. தம் முன்னோரில் அமெரிக்கப் பழங்குடியினரும் உண்டு, அதைக் காட்டும் படமே பொருத்தம் என்று அவர் கருதினார்.

1968இல் மூன்றாவது ஆல்பம் வந்தது. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவில் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிடாரில் வாசித்தார். வியட்நாம் போர் நடந்த காலம். குண்டு விழுவதும் மக்கள் கதறுவதும் அந்த வாசிப்பில் கேட்டதாக மக்கள் உணர்ந்தார்கள். 1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் தமக்கென ஓர் ஒலிப்பதிவுக் கூடமும் திறந்தார்.

ஆனால் புகழோடு மதுவும் போதைப் பொருளும் அவரைப் பற்றிக்கொண்டிருந்தன. ஓய்வில்லாத பயணம், தூக்கமில்லாத இரவுகள். 1970 செப்டம்பர் 18ஆம் தேதி லண்டனில், அளவுக்கு மீறித் தூக்க மாத்திரைகளை உட்கொண்ட நிலையில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 27தான். ஆசையோடு கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் சில வாரங்கள்தான் அவரால் வேலை செய்ய முடிந்தது. எவ்வளவு பெரிய இழப்பு!

குழந்தைகளே, அந்த ஒரு இரவின் தவறு இன்னும் எத்தனை ஆல்பங்களை நம்மிடமிருந்து பறித்ததோ! ஆனால் 1957இல் ஒற்றைக் கம்பியோடு அமர்ந்த சிறுவன், பத்தே ஆண்டுகளில் 1967ஐத் தன் ஆண்டாக மாற்றியதையும் மறக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய ஆர்மோனியமோ புல்லாங்குழலோ கிடக்கிறதா? கட்டை போயிருக்கிறது, துளை அடைத்திருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் கேட்டு இறக்கித் தூசு தட்டுங்கள். அதில் எழும் ஒரே ஒரு சுரத்திலிருந்து தொடங்குங்கள்.