அர்ச். சாந்தால் அம்மாள்: இருளிலும் தளராத விசுவாசம்



வீடு மந்திரிக்கவும் நோயாளிகளைப் பார்க்கவும் வரும்போது, சிலர் வாசற்படி வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு காரியம் சொல்வதுண்டு. பிள்ளையை அடக்கம் செய்த நாள் முதலாய், அல்லது கணவன் கண்மூடிய நாள் முதலாய், செபமாலையைக் கையில் எடுத்தாலும் மனம் ஒட்டவில்லை என்பார்கள். பூசை கண்டாலும் உள்ளம் கல்லாகவே இருக்கிறது, தங்கள் விசுவாசமே போய்விட்டதோ என்று அஞ்சுவார்கள். அப்படி அஞ்சுகிற ஒவ்வொருவருக்கும், திருச்சபை ஆகஸ்டு 12-ஆம் தேதி நினைவுகூரும் ஒரு தாயின் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. அவளே அர்ச். யோவன்னா பிரான்சிஸ்கா தெ சாந்தால் அம்மாள்.

பிரான்சு தேசத்தில் பர்கண்டி நாட்டின் தலைநகராகிய டிஜோன் பட்டணத்தில் 1572-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவள் பிறந்தாள். தகப்பனார் அந்நாட்டு உயர்நீதி மன்றத்தில் பெரிய பதவி வகித்தவர். தாயோ, குழந்தைக்கு ஒன்றரை வயதாகும்போதே இறந்துபோனாள். தாய்முகம் அறியாத அந்தப் பிள்ளையைத் தகப்பனாரே தேவபக்தியில் வளர்த்தார். 1592-இல், தன் இருபதாம் வயதில், அவள் சாந்தால் பிரபுவாகிய கிறிஸ்தோப் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். கடன்பட்டுக் கிடந்த குடும்பத்தை, தானே கணக்குப் பார்த்து, வேலையாட்களை நேர்ப்படுத்தி, செலவைச் சுருக்கித் தூக்கி நிறுத்தினாள். ஏழைகள் வாசலுக்கு வந்தால் தன் கையாலேயே உணவளித்தாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மிகவும் நேசித்தார்கள். முதலிரு குழந்தைகள் பிறந்தவுடனே இறந்தாலும், பின்பு ஒரு மகனும் மூன்று பெண்மக்களும் பிழைத்தார்கள்.

1601-ஆம் ஆண்டு அந்த வீட்டின் மேல் இடி விழுந்தது. வேட்டைக்குப் போயிருந்த இடத்தில், கூடச் சென்ற உறவினர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பிரபுவின் மேல் பாய்ந்தது. ஒன்பது நாள் அவர் துன்பப்பட்டார். சுட்டவரை மனதார மன்னித்து, தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, கிறிஸ்தவனாக மரித்தார். கடைசிக் குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சாந்தால் அம்மாளுக்கு அப்போது வயது முப்பது கூட நிறையவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இறந்துகொண்டிருந்த கணவர் உடனே மன்னித்தார். மனைவியால் அப்படி முடியவில்லை. அர்ச்சியசிஷ்டவள் என்பதால் அவளுக்கு இரத்தமும் சதையும் இல்லாமற் போய்விடவில்லை. பல மாதங்கள் அழுது மெலிந்தாள். அந்த மனிதரைக் காண்பதே அவளுக்குத் தாங்க முடியாததாயிருந்தது. மன்னிக்க விரும்புவதற்கும் மன்னிப்பதற்கும் நடுவே நெடுந்தூரம் இருந்தது. அந்தத் தூரத்தை அவள் அடி அடியாக, ஆண்டுக்கணக்கில் நடந்தாள். கடைசியில் அவரைச் சந்தித்துப் பேசினாள். அதோடு நில்லாமல், அவருடைய பிள்ளைக்கு ஞானத்தாயாகவும் நின்றாள்.

துன்பம் தனியே வருவதில்லை. மாமனார் வயோதிகர், முன்கோபி. தன் வீட்டிலே வந்து இராவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தில்லை என்று மிரட்டினார். பிள்ளைகளுக்காக அவள் மோந்தலோனிலிருந்த அந்த வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு வேலைக்காரிதான் எசமானியாக அதிகாரம் செலுத்தி வந்தாள். வீட்டு மருமகள், வேலைக்காரியின் சொல்லுக்குக் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. ஏழு வருஷத்துக்கு மேல் இந்த நிலைமை நீடித்தது. சாந்தால் அம்மாள் சண்டை பிடிக்கவில்லை. அந்த வேலைக்காரியின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, படிப்பும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தாள். சுற்றிலும் இருந்த ஏழை நோயாளிகளைத் தேடிப்போய் அவர்கள் புண்களைக் கழுவினாள்.

இவைகளெல்லாம் வெளிக் காயங்கள். உள்ளே அதைவிடக் கொடிய ஒரு காயம் இருந்தது. விதவையான காலந்தொட்டு, விசுவாசத்துக்கு விரோதமான சோதனைகள் அவளை வாட்டத் தொடங்கின. செபத்தில் முழந்தாளிட்டால் இருள். வேத சத்தியங்களை நினைத்தால் சந்தேகம். சர்வேசுரன் தன்னைக் கைவிட்டு விட்டாரோ என்ற பயம் அவளை விடாமல் தொடர்ந்தது.

1604-ஆம் ஆண்டு தபசுகாலத்தில், ஜெனீவா மேற்றிராணியாராகிய அர்ச். பிரான்சிஸ் சலேசியார் டிஜோன் பட்டணத்தில் பிரசங்கிக்க வந்தார். அவரே அவளுடைய ஞானத் தந்தையானார். அவர் காட்டிய வழி எளிது. சோதனையோடு தர்க்கம் செய்யவேண்டாம். அதற்குப் பதில் தேடி மூளையைக் குழப்பவும் வேண்டாம். உணர்ச்சி இல்லாவிட்டாலும் மனது இசைந்தால் போதும். விசுவசிக்கிறேன் என்று சித்தத்தினால் சொல்லிவிட்டு, அன்றைய கடமைக்குத் திரும்பவேண்டும். இந்த வழியை அவள் தன் வாழ்நாளெல்லாம் பிடித்துக்கொண்டாள்.

1610-இல் அவளுடைய கடைசி மகள் ஒன்பது வயதில் இறந்தாள். அதே வருஷம், மூத்த மகளை மணமுடித்துக் கொடுத்த பின்பு, மகனைத் தன் தகப்பனாரின் பாதுகாப்பில் விட்டு, இளைய மகளை உடன் அழைத்துக்கொண்டு, சவோய் நாட்டிலுள்ள அன்சி நகருக்குப் புறப்பட்டாள். மகன் வாசற்படியில் குறுக்கே படுத்துத் தடுத்தான். அவள் நின்று அழுதாள். பிறகு அவனைத் தாண்டி நடந்தாள். இதைக் கேட்கிற எந்தத் தாய்க்கும் மனம் பொறுக்காது. அவளுக்கும் பொறுக்கவில்லை. ஆயினும் சர்வேசுரன் அழைக்கிறார் என்று பல ஆண்டு சோதித்து அறிந்த பின்பே அவள் அந்த அடியை எடுத்து வைத்தாள். மகனை அவள் மறக்கவுமில்லை; அவனுடைய ஆத்துமத்தைப் பற்றிய கவலை அவளை எப்போதும் விட்டதில்லை.

அவ்வாண்டு ஜூன் 6-ஆம் தேதி, அர்ச். பிரான்சிஸ் சலேசியாரோடு சேர்ந்து, தேவமாதா எலிசபெத்தம்மாளைச் சந்திக்கப் போனதன் நினைவாகிய மினவுதல் சபையை அவள் துவக்கினாள். கடுந்தபசு செய்யச் சரீரபலம் இல்லாதவர்களும், விதவைகளும், வயதானவர்களும் அதில் இடம் பெற்றார்கள்.

மடத்தில் சேர்ந்ததால் துன்பம் நின்றதா? இல்லை. 1617-இல் மருமகன் போர்முனைக்குப் போன இடத்தில் காய்ச்சலால் இறந்தார். அதே வருஷம் மூத்த மகளும் பத்தொன்பது வயதிலே இறந்தாள். 1622 டிசம்பரில் லியோன் பட்டணத்தில் அர்ச். பிரான்சிஸ் சலேசியாரை நெடுநாளைக்குப் பின் சந்தித்தாள். தன் ஆத்துமக் கவலைகளையெல்லாம் கொட்டக் காத்திருந்தாள். அவரோ, அதை அன்சியில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, சபைக் காரியங்களை மட்டும் பேசி அனுப்பினார். அவளும் கீழ்ப்படிந்தாள். அந்த மாதம் 28-ஆம் தேதி அவர் காலமானார். சொல்ல நினைத்தது சொல்லாமலே நின்றுவிட்டது.

1627-இல் அந்த வாசற்படி மகன் ரே தீவுப் போரில் மடிந்தான். தந்தையின்றி நின்ற அவனுடைய கைக்குழந்தையே, பிற்காலத்தில் தன் கடிதங்களால் பிரெஞ்சு இலக்கியத்தில் புகழ்பெற்ற செவின்யே சீமாட்டி. பின்னும் சில ஆண்டுகளில் அன்சி நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. ஊரை விட்டு வெளியேறும்படி பெரியோர் வற்புறுத்தியும் அவள் மறுத்துவிட்டு, மடத்திலுள்ளதை நோயாளிகளுக்குக் கொடுத்து உதவினாள்.

இத்தனைக்கும் நடுவே அந்த உள்ளிருள் நீங்கவேயில்லை. நாற்பது ஆண்டுக் காலம் விட்டு விட்டு வந்து, கடைசி வருஷங்களில் இன்னும் கடுமையாயிற்று. அவளை நெடுங்காலம் அறிந்திருந்த அர்ச். வின்சென்ட் தெ பவுல் சாட்சி கூறியிருக்கிறார்: உள்ளே ஓயாத சோதனை இருந்தும் அவள் முகத்திலே அமைதி குன்றியதில்லை, சர்வேசுரன் கேட்ட எதிலும் அவள் பின்வாங்கியதுமில்லை. தனக்கு ஆறுதல் கிடைக்காத காலத்திலும் நூற்றுக்கணக்கான கன்னியருக்கு ஆறுதல் எழுதினாள். 1641 டிசம்பர் 13-ஆம் தேதி முலேன் நகரில் அவள் மரித்தபோது எண்பதுக்கு மேற்பட்ட மடங்கள் நின்றன. 1767-இல் பதின்மூன்றாம் கிளமெந்து பாப்பானவர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

பிரியமானவர்களே, வாசற்படியில் நின்று என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். செபத்தில் ருசி இல்லாமற் போவது விசுவாசம் போனதற்கு அடையாளமல்ல. ருசி இல்லாமலே செபமாலையைக் கையில் எடுக்கிறீர்களே, அதுவே விசுவாசம். ஞாயிற்றுக்கிழமை கல்லான இருதயத்தோடு கோயிலுக்கு நடந்து வருகிற விதவை, பாடிக் களிக்கிறவர்களை விடக் குறைவாக விசுவசிக்கிறவள் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஆகையால் துன்ப காலத்தில் மூன்று காரியங்களை மட்டும் விடாதிருங்கள். காலையும் மாலையும், ஒரு பரலோக மந்திரமானாலும் சரி, அதைச் சொல்லுங்கள். சந்தேகம் எழும்பும்போது அதோடு வாதாடாமல், விசுவசிக்கிறேன் என்று சொல்லி வேலைக்குத் திரும்புங்கள். உங்களைவிடக் கஷ்டப்படுகிற ஒருவருக்கு ஏதேனும் ஓர் உதவி செய்யுங்கள். பக்கத்து வீட்டில் துக்கம் நடந்திருந்தால், மற்றவர்கள் அவர்களுக்குப் புத்தி சொல்லாமல், கூட இருந்து அவர்களுக்காகவும் சேர்த்துச் செபியுங்கள்.

அர்ச். சாந்தால் அம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குச் சுவாமியார்