சக்கரத்தை மிதிக்க முடியாத குயவர்

விருத்தாசலத்தில் மண் பீங்கானாக மாறுகிறது. அகல் விளக்குகளும் பொம்மைகளும் சூளையிலிருந்து வெளிவருகின்றன. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் அங்கே இருக்கிறது. சூளையில் வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் உழைப்பு வீண்தான். அந்த வெப்பத்தை அளக்க வழி கண்டவர் ஒரு குயவர் மகன். அவர் பெயர் ஜோசையா வெட்ஜ்வுட்.

அம்மை தந்த துன்பம்

இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்ற ஊரில் 1730-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பரம்பரையாக மண்பாண்டம் செய்யும் குடும்பம். வீட்டில் அவர்தான் கடைசிப் பிள்ளை. 1739-இல் தந்தை இறந்தார். சிறுவன் தொழிலில் இறங்கினான்.

அப்பொழுது பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தான். ஆனால் முழங்கால் பழுதாகிவிட்டது. குயவனின் சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுழற்ற முடியவில்லை. சக்கரம் இல்லாமல் குயவன் என்ன செய்வான்?

அவன் மண்ணை ஆராய்ந்தான். எந்த மண்ணில் எதைக் கலந்தால் எப்படி வேகும், எந்தப் பூச்சு எந்த நிறம் தரும் என்று சோதித்துக் குறித்து வைத்தான்.

அரண்மனைக்குப் போன தட்டு

1759-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பாலாடை நிறத்தில் அவர் செய்த பாத்திரங்களை சார்லட் மகாராணி விரும்பி வாங்கினார். அரசியின் பெயரே அந்தப் பாத்திரங்களுக்கும் வழங்கலாயிற்று. ஊரெங்கும் அதையே கேட்டார்கள்.

புகழ் வந்தது. கால் வலியோ தீரவில்லை. 1768-இல் வலது காலை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது! மரக்கால் பொருத்திக்கொண்டு எழுந்தார். மறு ஆண்டே எட்ரூரியா என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார். குறையுள்ள பாத்திரத்தைக் கண்டால் அந்த மரக்காலாலேயே உடைத்துவிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

1774-இல் ரஷ்யப் பேரரசி காதரினுக்கு 50 பேர் உணவருந்தும் 952 பாத்திரங்களை அனுப்பினார். பலமுறை சோதித்து ஜாஸ்பர் என்ற புதுவகைப் பீங்கானையும் கண்டுபிடித்தார். சிறு களிமண் துண்டுகள் சூளையில் எவ்வளவு சுருங்குகின்றன என்று பார்த்து வெப்பத்தை அளந்தார். இதற்காக 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அடிமைக்கு ஒரு குரல்

1787-இல் அவர் ஒரு சின்னம் செய்தார். விலங்கிட்ட கறுப்பு மனிதர் மண்டியிட்டுக் கை கூப்பும் உருவம் அது. அதை விற்கவில்லை, இலவசமாகக் கொடுத்தார். பெண்கள் அதை நகையாக அணிந்தனர். அடிமை வாணிபத்தை எதிர்த்த இயக்கத்துக்கு அது அடையாளமாயிற்று. 1807-இல் பிரிட்டன் அந்த வாணிபத்தைத் தடை செய்தது. அதைக் காண அவர் இல்லை. 1795 ஜனவரி 3-ஆம் நாள் காலமாகிவிட்டார்.

அறிவியல் மேதை டார்வின் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சந்ததியார் நடத்திய நிறுவனம் பின்னர் பிறர் கைக்குப் போயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

கால் சக்கரத்தை மிதித்திருந்தால் பர்ஸ்லத்தில் இன்னொரு குயவர் இருந்திருப்பார். மிதிக்க முடியாததால் உலகுக்கு ஒரு வெட்ஜ்வுட் கிடைத்தார்.