பென்சில் கரியை அளந்த வத்திராயிருப்புக்காரர்

சர் சி.வி. ராமன் பெயர் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1928-இல் அவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் ராமன் விளைவைக் கண்டறிந்த கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றிக் கேட்டால், கிள்ளானிலும் சரி பிரிக்பீல்ட்ஸிலும் சரி, தெரியும் என்பவர்கள் சிலரே. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே வந்தது.

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தை விவசாயி, தமிழும் வடமொழியும் அறிந்தவர். மதுரையிலும் சென்னையிலும் படித்த பிறகு, ராமனைத் தேடிக் கல்கத்தா போனார்.

பரிசு கைநழுவியதோடு அவர் கதை முடியவில்லை. அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் என்பேன். டாக்காவிலும், பின்னர் மீண்டும் கல்கத்தாவிலும், மெல்லிய இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். அந்தத் திருப்பத்திலிருந்து படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்ல முடிந்தது. அப்போது புதிதாக வந்திருந்த குவாண்டம் கொள்கையைச் சோதிக்கவும் அந்த அளவுகள் உதவின.

பென்சிலில் இருக்கும் கிராஃபைட் கரியையும் அவர் விடவில்லை. அது ஏடு ஏடாக அடுக்கியது போன்ற பொருள். ஏட்டின் போக்கில் மின்சாரம் எளிதாக ஓடும். ஏடுகளுக்குக் குறுக்கே ஓடுவது ஆயிரக்கணக்கான மடங்கு சிரமம். 1939-இல் கங்குலி என்பவருடன் சேர்ந்து இதை வெளியிட்டார். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

அறிவியலைத் தமிழில் எழுதலாம் என்பதை எழுதியே காட்டியவர் அவர். நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் பாடம் எந்த மொழியில் என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அதில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை.

1961 ஜூன் 14-ஆம் தேதி, 62 வயதில் காலமானார்.

இன்று பேசப்படும் குவாண்டம் பின்னல் என்பது, இரண்டு துகள்களின் நிலை ஒன்றோடொன்று பிணைந்து, ஒன்றை விட்டு மற்றதைத் தனியாக விவரிக்க முடியாமல் போவது. திடப்பொருளுக்குள்ளும் அது இருக்கிறது என்பதற்கு ஒரு முக்கியச் சான்று 2003-இல், ஹோல்மியம் கலந்த ஓர் உப்புப் படிகத்திலிருந்து கிடைத்தது. அந்தப் படிகத்தையும் காந்தப்புலத்தில் வைத்துத்தான் அளந்தார்கள்.