கிராஃபிங் கால்குலேட்டர் வாங்கப் போறீங்களா? ராமானுஜனோட சிலேட்டைக் கொஞ்சம் பாருங்க!

ஏற்காடு அடிவாரத்துல பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்துலகூட, மொபைல்ல கால்குலேட்டர் மாடல்களைத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்களா? சமன்பாட்டைத் தட்டினால் வளைகோட்டையே வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர் பல ஆயிரம் ரூபாய் ஆகும். `நல்ல மாடல் இருந்தாத்தான் மேத்ஸ் வருமோ'ன்னு தோணும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, சேலத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற ஈரோட்டில் பிறந்த ஒருவர், எதை வெச்சு கணக்கு போட்டார்னு பார்ப்போம்.

சீனிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா. கட்டுக்கட்டாகப் பேப்பர் வாங்க வசதியில்லை. அதனால் சிலேட்டில் கணக்கு போடுவார், முழங்கையால் அழிப்பார், அடுத்த வரிக்குப் போவார். விடை மட்டும் நோட்டுக்கு ஏறும்.

பள்ளியில் பரிசு வாங்கியவர், கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறி ஸ்காலர்ஷிப்பை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேற முடியவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா ஆனார். 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். 1914-ல் கப்பல் ஏறினார்.

அங்கேதான் சுவாரஸ்யம். ஓர் எண்ணை எத்தனை விதமான கூட்டல்களாகப் பிரிக்கலாம்? 4-ஐ 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ? ராமானுஜனும் ஹார்டியும் அதற்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். அது சரியான்னு பார்க்கணுமே! மக்மஹான் என்ற கணித மேதை, வேறொரு வழியில் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே, பிழை 0.01-க்கும் குறைவு! யோசித்தது ஒரு பக்கம், சரிபார்த்தது இன்னொரு பக்கம். உங்க கால்குலேட்டருக்கான வேலையும் அந்த இரண்டாவதுதான்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். உடம்பு முடியாமல் 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் மறைந்தார். அழிந்த சிலேட்டின் விலை அப்புறம்தான் தெரிந்தது. நோட்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதி 1985-ல், கடைசித் தொகுதி 1998-ல்!

சரி, எதை வாங்கலாம்? முதல்ல உங்க தேர்வு என்னன்னு பாருங்க. ஜே.இ.இ-ல கால்குலேட்டருக்கே அனுமதியில்லை. டிஜிட்டல் எஸ்.ஏ.டி தேர்வில் திரையிலேயே டெஸ்மாஸ் இருக்கு. ஐ.பி பாடத்திட்டம்னா கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் தேவை; எந்த மாடல்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாங்குங்க. மற்றவங்களுக்கு மொபைல்ல இலவசமா கிடைக்கிற டெஸ்மாஸ், ஜியோஜீப்ரா போதும்.

எதை எடுத்தாலும் சரி, வளைகோடு எப்படி வளையும்னு முதல்ல கையால வரைஞ்சு பாருங்க. அப்புறம் பட்டனை அழுத்துங்க. முக்கியமா, ஸ்டெப்ஸை நோட்டுல எழுதி வைங்க. ராமானுஜனுக்குப் பேப்பர் இல்லை. உங்ககிட்ட இருக்கே!