லாஸ் காசாஸ் அடிகளார்

செவில் நகரில் 1484இல் பிறந்த பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ், 1502இல் ஹிஸ்பானியோலாத் தீவை அடைந்தது பொருள் தேடியே. குருப்பட்டம் பெற்ற பின்னரும் கியூபாவில் பழங்குடியினரைக் கட்டாய உழைப்பில் வைத்திருந்தார். 1514இல் மறையுரைக்காகச் சீராக் ஞானநூலைப் புரட்டியவரை, ஏழையிடம் பறித்துப் படைக்கும் காணிக்கையைக் கண்டிக்கும் பகுதி உலுக்கியது. தம்மிடம் இருந்தோரைத் துறந்தார். அரசவையில் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். பழங்குடியினரை அடிமையாக்குவதைத் தடுத்த 1542ஆம் ஆண்டுச் சட்டங்களில் அவர் பங்கு பெரிது. 1550இல் செபுல்வேதாவையும் எதிர்த்து நின்றார்.

ஆயினும் ஒரு கறை. பழங்குடியினரைக் காக்கவென்று, ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணருமாறு முன்னர் அவரே பரிந்துரைத்திருந்தார். பிறர் மறைத்திருப்பர்; அடிகளாரோ அப்பிழையைத் தம் வரலாற்று நூலில் தம் கையாலேயே எழுதிவைத்து வருந்தினார். எனக்கு அவர் பெரியவராகத் தோன்றுவது இவ்விடத்தில்தான். 1566இல் மாட்ரிட்டில் மறைந்தார். அந்நூல் அச்சேறியது 1875இல்.