கண்ணாடிக்குள் ஒரு காடு

சென்ற மழைக்காலத்தில் நம் பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தி வேலியில் ஒரு பச்சோந்தி அகப்பட்டது. மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் செடிகள் நீர் ஊற்றாமலே வாழும் என்று எங்கோ படித்திருந்த நாங்கள் நால்வர், ஊறுகாய் ஜாடியில் மண்ணும் பாசியும் பரப்பி, பச்சோந்தியை உள்ளே விட்டு மூடியை இறுக்கித் திருகினோம். மறுநாள் காலையில் அது கருத்துச் சோர்ந்து கிடந்தது. விஞ்ஞான ஆசிரியையான அருட்சகோதரி எங்களைக் கடியவில்லை. வேலியிலேயே கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அது மெல்ல இலைகளுக்குள் போயிற்று. பிழைத்ததோ இல்லையோ, அறியோம். பிறகு, அந்தக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மூலகாரணமான மனிதரின் வரலாற்றைப் படித்து வரும்படி பணித்தார்கள். அப்படிப் படித்ததே இக்கட்டுரை.

அவர் பெயர் நத்தானியேல் பாக்ஷா வார்டு. வார்டு என்றதும் ஆஸ்பத்திரி நினைவு வருகிறதல்லவா? அவரும் மருத்துவரே! 1791ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் ஜமைக்காத் தீவுக்குக் கப்பலில் சென்ற அவர், அங்கிருந்த பனைகளையும் பெரணிகளையும் கண்டு மனத்தைப் பறிகொடுத்தார். நம்மைவிட இரண்டு வயது இளையவர்!

ஆனால் பெரியவரானதும் அவர் தொழில் நடத்த நேர்ந்தது லண்டனின் கிழக்குப் பகுதியில். நிலக்கரிப் புகை சூழ்ந்த இடம் அது. ஆசையுடன் நட்ட பெரணிகள் யாவும் புகையில் கருகி மடிந்தன. 1829ஆம் ஆண்டில் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து, கண்ணாடியில் துளிகளாய்ப் படிந்து, மீண்டும் மண்ணிலேயே இறங்குவதைக் கவனித்தார். பூச்சி வெளிவருமுன்பே மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்து நின்றன. தோட்டத்தில் வளர மறுத்த பெரணி, புட்டிக்குள் தானே வந்து நின்றது! ஏறத்தாழ நான்காண்டுகள் அவை அவ்வாறே வாழ்ந்தன. பின்னர் மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகவே அழிந்தன.

வேறொருவராயின் வியந்து மறந்திருப்பார். வார்டோ கண்ணாடிப் பெட்டிகள் செய்வித்தார். 1833ஆம் ஆண்டில் பெரணிகளும் புற்களும் நிறைந்த இரு பெட்டிகளைச் சிட்னி செல்லும் கப்பலில் ஏற்றினார். அந்நாளில் கப்பலேறிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றாலும் குடிநீர்ப் பஞ்சத்தாலும் வழியிலேயே மடியும். இவையோ பசுமை மாறாமல் போய்ச் சேர்ந்தன. ஆஸ்திரேலியச் செடிகள் அதே பெட்டிகளில் திரும்பி வந்தன. கடுவெயிலையும் கேப் ஹார்ன் முனையின் உறைபனியையும் கடந்து உயிருடன் வந்தன.

ஸ்காட்லாந்து நாட்டில் மக்கனாக்கி என்பவர் முன்பே இதுபோன்ற பெட்டி செய்திருந்தார். ஆனால் அதைப்பற்றி எழுதாமல் இருந்துவிட்டார். வார்டு 1842இல் நூலாகவே எழுதினார். (வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் தோழியர் கவனிக்க.)

இந்தப் பெட்டியால் நம் நாட்டுக்கு வந்தவை பல. சீனத் தேயிலைச் செடிகள் இமயமலைச் சரிவுகளுக்கு வந்தன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் தென் அமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு வந்தது. முதலில் கொண்டுவந்த கன்றுகள் மடிந்துபோயின. 1861இல் உதகை வந்து சேர்ந்த செம்பட்டைச் சிங்கோனாவே நிலைத்தது. 1876இல் இலங்கைக்கு ரப்பர் கன்றுகள் ஏறத்தாழ 1900, 38 பெட்டிகளில் சென்றன. பெட்டி மண்ணோடு பூச்சிகளும் செடிநோய்களும் கடல் கடந்ததும் உண்மையே. அதனால்தான் பிற்காலத்தில் மண்ணுடன் செடி அனுப்புவதற்கு நாடுகள் கட்டுப்பாடு விதித்தன.

வார்டின் பெரணி வீட்டில் ஒரு பச்சோந்தியும் ஒரு தேரையும் பல ஆண்டுகள் வாழ்ந்ததாகக் கூறுவர். இதைப் படித்ததும் எங்களுக்கு வெட்கம் வந்தது. அவருடையது வீடு, எங்களுடையது ஜாடி. செடிக்கு மூடிய புட்டி போதும். ஊர்வனவற்றுக்குக் காற்று புக வலைமூடி வேண்டும். குளிர் இரத்தப் பிராணியாதலால், ஒரு மூலையில் வெயில் சூடும் மறு மூலையில் நிழலும் இருந்தால்தான் தன் உடற்சூட்டை அது சரிசெய்துகொள்ளும். அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்தூளும் மண்ணும் இட்டால் வேர் அழுகாது. பச்சோந்திக்குக் கிண்ணத்து நீர் தெரியாது. இலைமேல் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே இலைச்செடிகள் அதற்கு அலங்காரமல்ல, குடிநீர்ப் பானை!

எனினும் நாம் அதை வளர்க்கலாகாது. நம் காட்டுப் பச்சோந்தியையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வைப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. காண விரும்புவோர், மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணைக்குச் செல்லலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருநாள் பயணமே.

வார்டு 1868இல் மறைந்தார். எங்கள் ஆய்வுக்கூட ஜன்னலருகே இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே இரண்டு பெரணிகளும் ஒரு சிறிய கறிவேப்பிலைக் கன்றும் உள்ளன. மேலே கொசுவலை கட்டியிருக்கிறோம். கன்றின் கிளையில் ஒரு கூட்டுப்புழு தொங்குகிறது. சென்ற திங்கட்கிழமை முதல் அதன் நிறம் மாறி வருகிறது. முதல் பீரியட் மணி அடிக்குமுன் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்து வருகிறோம்.