எல்லாம் விதிப்படின்னா பிரார்த்தனை எதுக்கு? ரமணரும் அவர் அம்மாவும்

1898 டிசம்பர். திருவண்ணாமலை பவழக்குன்றில் ஓர் அம்மா நாள்கணக்கில் அழுதுகொண்டிருக்கிறார். எதிரே கோவணத்தோடு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவர் அவருடைய மகன் வெங்கடராமன். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தவர். அப்போது 19 வயதுகூட முடியவில்லை.

1879-ல் திருச்சுழியில் பிறந்தவர். 12 வயதில் அப்பா இறந்துவிட, மதுரையில் சித்தப்பா வீட்டில் படிப்பு. 1896-ல் அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ரயிலேறினார்.

தேடிக் கண்டுபிடித்து வந்த அழகம்மாள், வீட்டுக்கு வாப்பா என்று கெஞ்சுகிறார். பார்க்கச் சகிக்காத ஒருவர் பேப்பரும் பென்சிலும் நீட்ட, மகன் எழுதிக்கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: அவரவர் பழைய வினைக்கேற்ப இறைவன் எல்லோரையும் நடத்துகிறான், நடக்காதது முயன்றாலும் நடக்காது, நடக்க வேண்டியது தடுத்தாலும் நிற்காது, அதனால் மௌனமே மேல்.

பெற்றவளுக்கு இது கொஞ்சம் கடுமையான பதில்தான். அழகம்மாள் ஊர் திரும்பினார்.

சரி, கடவுளுக்கு எல்லாமே முன்கூட்டியே தெரியும்னா, நாம எடுக்கிற முடிவு நம்முடையதா? கிறிஸ்தவத்தில் அகஸ்டினும், இஸ்லாத்தில் இறைவிதி பற்றி வாதிட்ட அறிஞர்களும் மல்லுக்கட்டிய அதே கேள்வி. அன்று வீட்டைவிட்டு ஓடியது அந்தப் பையனின் முடிவா, விதியா?

பிற்காலத்தில் பக்தர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். உடம்புக்கு நேர்வது முன்பே குறிக்கப்பட்டது, கையில் இருக்கும் விசிறியைக் கீழே வைப்பது உட்பட என்றார் ரமணர். ஆனால் இந்த உடம்புதான் நான், இதைச் செய்பவன் நான் என்று நினைப்பதா, விடுவதா என்பதில் மனிதனுக்கு எப்போதும் சுதந்திரம் உண்டு என்றார். விதியா மதியா என்ற சண்டையே, இரண்டுக்கும் வேரான ‘நான்’ யாரென்று தெரியாதவர்களுக்குத்தான் என்பது 1928-ல் அவர் எழுதிய ‘உள்ளது நாற்பது’ சொல்லும் முடிவு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்டவரைப் பற்றியே கேட்கிற ஆள் அவர். வாதமாகப் பார்த்தால் இது சிலருக்கு நழுவல் மாதிரிகூடத் தோன்றலாம்.

ஆனா வாழ்க்கை அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. 1914-ல் மகனைப் பார்க்க வந்த அழகம்மாள் டைஃபாய்டு காய்ச்சலில் படுத்துவிட்டார். தடுத்தாலும் நிற்காது என்று எழுதிக்கொடுத்த அதே மகன், அம்மாவைக் காப்பாற்றச் சொல்லி அருணாசலத்திடம் வேண்டி நான்கு பாடல்கள் எழுதினார். அம்மா பிழைத்தார்.

விதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று அவர் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அந்த வேண்டுதலும் விதியிலேயே இருந்ததா என்றால், அவர் கணக்குப்படி ஆமாம்.

1916-ல் அழகம்மாள் மகனோடவே தங்க வந்துவிட்டார். 1922 மே 19 அன்று, ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி, உயிர் பிரியும்வரை ரமணர் பக்கத்திலேயே இருந்தார். மலையடிவாரத்தில் அடக்கம் நடந்தது. மேலே கந்தாசிரமத்திலிருந்து அந்தச் சமாதிக்குத் தினமும் வந்துபோனவர், சில மாதங்களில் அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அந்த இடம்தான். இறங்கி வந்தது தன் இஷ்டத்தில் இல்லை, ஏதோ ஒரு சக்தி கொண்டுவந்து வைத்தது என்றே சொல்லிவந்தார். 1950 ஏப்ரல் 14-ல் இறக்கும்வரை அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.